ஐஸ் பாதையில விழாம நடக்குறது எப்படி: கடக்கரைக்காரன் சொல்றது

நம்ம ராம்நாடு பக்கம் பனின்னா மார்கழி காலைல பைக் சீட்டு நனைஞ்சு கெடக்குமே, அம்புட்டுதான். மலைன்னா ராமேஸ்வரத்துல கந்தமாதன பர்வதம், அதுல படியேறி முடிச்சாலும் பெருசா மூச்சு வாங்காது. இந்த லட்சணத்துல போன ஜனவரி உத்தரகாண்ட்ல கேதார்காந்தா ஏறப் போனேன், 12,500 அடி. ஏறிட்டேன், எறங்கும்போதுதான் விழுந்தேன். இந்தப் பொங்கல் லீவுக்கு எங்க தெருப் பசங்க நாலு பேரு அதே மலைக்கு கெளம்புறானுங்க, ஐஸ்ல விழாம எப்படி நடக்குறதுன்னு ஆளாளுக்கு போன் போட்டு ஒரே கேள்விய கேக்குறானுங்க, அதான் மொத்தமா எழுதிடுறேன்.

மொதல்ல ஒன்னு. பனிக்கு பயப்படாதீங்க, ஐஸுக்கு பயப்படுங்க. புதுசா விழுந்த பனி அரியமான் பீச் மணல் மாதிரி, கால் பொதையும், தொடை வலிக்கும், ஆனா வழுக்காது. அதே பனிய நூறு பேரு மிதிச்சு மிதிச்சு இறுக்கி, மதிய வெயில்ல மேலாக்க உருகி, ராத்திரி திரும்ப உறைஞ்சா கண்ணாடி ஆயிரும். படகுத்துறை படியில பாசி புடிச்சு கெடக்குமே, அதுக்கு அண்ணன். பொங்கல் நேரத்துல கூட்டம் ஜாஸ்திங்கிறதால பாதை நடுவுலதான் இந்த ஐஸ் இருக்கும், ஓரத்துல யாரும் மிதிக்காத பனியில கால வச்சா பிடிமானம் கெடைக்கும், ஆனா பள்ளத்துப் பக்கம் ஓரம் வேண்டாம், மலைச்சரிவுப் பக்கம் ஓரம்.

கண்டுபுடிக்கிறது ஈசி. வெள்ளையா பொடிப்பொடியா இருந்தா ஓகே. சாம்பலாவோ லேசா நீலமாவோ மினுங்குனா ஐஸ். பாறை சும்மா ஈரமா இருக்க மாதிரி கருப்பா தெரிஞ்சா அதுதான் படு மோசம், மேல மெல்லிசா ஐஸ் தகடு இருக்கும், கண்ணுக்கே தெரியாது. சந்தேகமா இருந்தா குச்சியால தட்டுங்க, சரக்குன்னு எறங்குனா பனி, டொக்குன்னா ஐஸ். மரநிழல், ஓடை தாண்டுற எடம், வெயிலே படாத வடக்குச் சரிவு, இங்கல்லாம் மதியம் ஆனாலும் ஐஸ் அப்படியே இருக்கும்.

மைக்ரோ ஸ்பைக் கட்டாயம். ரப்பர் வளையத்துல செயின் கோத்து அடியில சின்னச் சின்ன இரும்புப் பல்லு இருக்கும், ஷூ மேல இழுத்து மாட்டணும். நடக்க ஆரம்பிக்கிற சாங்ரி ஊர்லயே வாடகைக்கு கெடைக்கும். வாங்கும்போது ஷூல மாட்டி கால நல்லா ஒதறிப் பாருங்க, நகந்துச்சுன்னா வேற சைஸ் கேளுங்க. வழுக்க ஆரம்பிச்சப்புறம் மாட்டிக்கலாம்னு நெனைக்காதீங்க, சரிவுல ஒத்தக்கால்ல நின்னுக்கிட்டு வெரல் மரத்துப் போய் மாட்டவே முடியாது. பல்லுக்கு நடுவுல பனி உருண்டையா அடைச்சிருச்சுன்னா அப்பப்ப குச்சியால தட்டி விடணும், இல்லன்னா ஸ்பைக் போட்டும் போடாத மாதிரிதான்.

நடை எப்படின்னா, படகுல அலை அடிக்கும்போது நிப்போம்ல, முட்டிய லேசா மடக்கி, அதே நெலதான். உள்ளங்கால் முழுசா ஒரே நேரத்துல தரையில படணும், குதிகால மட்டும் ஊனுனா போச்சு. அடி சின்னச் சின்னதா வைங்க. கைய ஜாக்கெட் பாக்கெட்ல விட்டுக்கிட்டு நடக்காதீங்க. நான் விழுந்தது பாதையில வர்ற ஜூடா கா தாலாப்ங்கிற ஏரிக்கு கீழ, மரநிழல்ல. மேல போய்ட்டு வந்துட்டோம்ங்கிற தெனாவெட்டுல ஸ்பைக்க கழட்டி பைல வச்சுட்டேன். இறக்கத்துல பயந்து ஒடம்ப பின்னாடி சாய்ச்சேன், ரெண்டு காலும் முன்னாடி போயிருச்சு, வால் எலும்பு ரெண்டு வாரம் வலி. பின்னாடி சாயக்கூடாது, எடை எப்பவும் கால் மேலயே இருக்கணும். அப்படியும் வழுக்கி சரிய ஆரம்பிச்சா ஒடனே குப்புறப் பெரண்டு கை, முழங்கை, கால் எல்லாத்தையும் பனியில குத்தி நிறுத்தப் பாருங்க, மல்லாந்து கெடந்தா வேகம்தான் கூடும்.

துணில ஒரே ரூல், காட்டன் வேண்டாம். வேர்வைய குடிச்சு வச்சுக்கும், நின்னதும் ஒடம்பு சில்லிட்டுப் போகும். உள்ள ஒடம்போட ஒட்டுற தெர்மல், நடுவுல ஃப்ளீஸ்ங்கிற பஞ்சு மாதிரி ஸ்வெட்டர், மேல காத்து புகாத ஜாக்கெட். நம்மாளுங்க குளிருக்கு பயந்து எல்லாத்தையும் போட்டுக்கிட்டு ஏறி வேர்த்து நனையுறோம், ஏறும்போது கழட்டுங்க, நின்ன ஒடனே போடுங்க. கூலிங் கிளாஸ் ஸ்டைலுக்கு இல்ல, கடக்கரை மணல் புற ஊதாக்கதிர்ல 15 சதவீதம் திருப்பி அடிக்கும்னா புதுப்பனி 80 சதவீதம் வரைக்கும் அடிக்கும், கண்ணு எரிஞ்சு பார்வையே கொஞ்ச நேரம் போயிரும். தேங்காண்ணெய் கொண்டு போகாதீங்க, கல்லா உறைஞ்சு கெடக்கும். கருப்பட்டி கொண்டு போங்க, பாக்கெட்ல ரெண்டு துண்டு போதும்.

பயிற்சிக்கு மலை இல்லையேன்னு கவலப்பட வேண்டாம். பை நெறைய தண்ணி பாட்டில் போட்டு மணல்ல நடங்க, பாம்பன் ரோட்டுப் பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல, விடியக்காலைல போய்ட்டு வாங்க, வீட்டு மாடிப்படி இருக்கவே இருக்கு. ஷூவ ஒரு மாசம் முன்னாடியே வாங்கி போட்டுப் பழகுங்க, நாமெல்லாம் செருப்புக் காலு. கெளம்புறப்ப கால் நகம் வெட்டிக்குங்க, இல்லன்னா இறக்கத்துல ஷூ முனையில இடிச்சு கருத்துப் போகும்.

உசரத்துனால தலவலி, வாந்தி வந்தா மேல ஏறாதீங்க, கைடுகிட்ட மறைக்காதீங்க. சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குனாலோ, பேச்சு குழறுனாலோ, நடை தள்ளாடுனாலோ ஒடனே கீழ எறங்கணும், நடு ராத்திரியா இருந்தாலும். வெரல் வெளுத்து மரத்துப் போனா தேய்க்கவும் கூடாது, நெருப்புல காட்டவும் கூடாது, அக்குள்ல வச்சு சூடு பண்ணுங்க.

ராத்திரி தண்ணி பாட்டில தலைகீழா வைங்க, ஐஸ் மேல இருந்துதான் கட்டும், காலைல மூடிப் பக்கம் தண்ணி கெடைக்கும். போனும் பவர் பேங்கும் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள. ஷூவ டென்டுக்கு வெளிய விடாதீங்க, லேஸ நல்லா லூஸ் பண்ணி உள்ள வைங்க, ஈரத்தோட வெளிய கெடந்துச்சுன்னா உச்சிக்கு கெளம்ப விடியக்காலம் 3 மணிக்கு எடுக்கும்போது கருவாடு மாதிரி வெறைச்சு கெடக்கும், கால் உள்ளயே போகாது.