சில்லு முதலில், வரைபடம் பிறகு: சிறு றோபோவுக்கு அறையைப் பழக்குதல்

இரண்டு சில்லுகளில் ஓடும் சிறிய றோபோ ஒன்று அறையைத் தானே வரைந்து, அந்தப் படத்தைக் கொண்டே வழி கண்டு செல்ல வேண்டும் என்று விரும்புவோர் பெரும்பாலும் முதலில் தூரம் அளக்கும் உணரியைத்தான் மாற்றுகிறார்கள். ஆனால், தான் நிற்கும் இடத்தைப் பிழையாகக் கணிக்கும் றோபோ எவ்வளவு நல்ல உணரியால் சுவரை அளந்தாலும் அதைப் படத்தில் பிழையான இடத்திலேயே பதியும். ஆகவே சில்லுகளிலிருந்து தொடங்குங்கள்.

65 மில்லிமீற்றர் விட்டமுள்ள சில்லு ஒரு சுற்றில் ஏறத்தாழ 204 மில்லிமீற்றர் நகரும். சுழற்சியை எண்ணுவதற்காகச் சில்லோடு 20 துளைகளுள்ள தட்டு பொருத்தியிருந்தால், துளைக்கு ஒன்றாக வரும் மின் துடிப்பு ஒவ்வொன்றும் 10.2 மில்லிமீற்றரைக் குறிக்கும். இந்தக் கணக்கை அப்படியே நம்பாமல், விறாந்தையில் சோக்கினால் 3 மீற்றர் கோடு கீறி, றோபோவை அதன்மீது பலமுறை ஓடவிட்டு, உண்மைத் தூரத்தைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒவ்வொரு சில்லுக்கும் தனி அளவு பெறுங்கள். முற்றத்து மணல் எப்படியும் விறாந்தைக்கு ஏறிவிடும் என்பதால் கூட்டிய பின்பே அளக்க வேண்டும். வழுக்கிய சுற்றையும் றோபோ பயணமாகவே எண்ணும்.

திரும்புதலே கூடுதலாகக் கெடுப்பது. இரு சில்லுகளும் சென்ற தூரங்களின் வித்தியாசத்தை அவற்றின் இடைவெளியால் வகுத்தால் திரும்பிய கோணம் ரேடியனில் கிடைக்கும். அதில் 1 பாகை பிழைத்தாலும் 3 மீற்றர் சென்றபின் றோபோ 5 சென்ரிமீற்றர் விலகி நிற்கும். எனவே ஒரு சதுரப் பாதையில் வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் ஓட்டினால், சில்லுகளின் விட்ட வேறுபாடும் இடைவெளிப் பிழையும் ஒன்றையொன்று மறைத்து, எல்லாம் சரியென்று காட்டிவிடலாம்.

அடுத்தது எச்.சி.எஸ்.ஆர். 04 என்ற மலிவான கழியொலி உணரி; காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அதன் எதிரொலி வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளப்பது. எதிரொலி வர எடுத்த மைக்ரோசெக்கன்களை 58 ஆல் வகுத்துச் சென்ரிமீற்றராக மாற்றுவது வழக்கம். அது குளிர்ந்த அறைக்குப் பொருந்தும். 32 பாகை செல்சியஸில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 351 மீற்றர் செல்வதால், யாழ்ப்பாணத்து நண்பகலில் 57 ஆல் வகுப்பதே பொருத்தம். இல்லையேல் 3 மீற்றரில் 5 சென்ரிமீற்றர் குறையும். ஒலிக்கற்றை ஏறத்தாழ 15 பாகை விரிவதால், 2 மீற்றருக்கு அப்பால் அது அரை மீற்றர் அகலத்தைத் தொடுகிறது. 1.5 மீற்றருக்கு மேற்பட்ட அளவுகளை நான் எறிந்துவிடுவேன். வழுவழுப்பான சுவரைச் சாய்வாக நோக்கும்போது எதிரொலி வேறு பக்கம் தெறித்துப் போகும். ஆகையால் எதிரொலி வரவில்லை என்பதை அங்கே வெளி இருக்கிறது என்று பொருள் கொள்ளக் கூடாது. கதிரைக் கால்கள் ஒருமுறை தெரிந்து மறுமுறை மறையும்.

இத்தகைய நம்பமுடியாத அளவுகளைச் சேர்ப்பதற்கென்றே றோபோ ஆய்வாளர்களான மொரவெக்கும் எல்ஃபெஸும் 1985இல் கட்ட வரைபட முறையை முன்வைத்தார்கள். அறையை 10 சென்ரிமீற்றர் கட்டங்களாகப் பிரித்து, தடை தெரிந்த கட்டத்துக்குப் புள்ளியைக் கூட்டி, ஒலி தடையின்றிக் கடந்த கட்டங்களுக்குக் குறைத்து வந்தால், தற்செயலான பிழை தானே கரையும். 4 மீற்றர் சதுர அறைக்கு 1600 கட்டங்கள் வேண்டும். கட்டத்துக்கு ஒரு பைட் என்றால் ஆர்டுயினோ ஊனோ ஆர். 3 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையின் 2048 பைட் நினைவகத்தில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். புள்ளியை −7 முதல் +7 வரை மட்டுப்படுத்தினால் இரண்டு கட்டங்கள் ஒரு பைட்டில் அடங்கும். அதைவிட, கூடிய நினைவகமுள்ள ஈ.எஸ்.பி. 32 பலகையை வாங்குவது எளிது. ஆயினும் உணரியின் 5 வோல்ட் எதிரொலிக் கம்பியை இரண்டு தடையிகளால் 3.3 வோல்டாகக் குறைத்தே இணைக்க வேண்டும்.

வழி காண்பது ஒப்பீட்டளவில் இலகுவானது. றோபோவின் அரை அகலத்துக்குத் தடைகளைப் படத்தில் தடிப்பாக்கி, சேர வேண்டிய கட்டத்துக்கு 0 இட்டு, அதன் அயல் கட்டங்களுக்கு 1, அவற்றின் அயலுக்கு 2 என நிரப்பிச் சென்றால், றோபோ எப்போதும் சிறிய எண்ணை நோக்கி நகர்ந்தால் போதும். நீண்ட ஓட்டத்தில் பிழை சேரத்தான் செய்யும். ஆகவே சில நிமிடங்களுக்கு ஒருமுறை றோபோவை ஒரே மூலைக்கு வரவழைத்து, முதலில் ஒரு சுவரிலும் பின்னர் மற்றச் சுவரிலும் மெல்ல முட்டி நிற்கச் செய்து, இடத்தையும் திசையையும் மீண்டும் பூச்சியமாக்குங்கள்.