ஷிப்ட் முடிந்தும் உறக்கம் வராதபோது: நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளர் மனநல உதவி பெறும் வழி

நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கங்களில் பழுப்பு நிலக்கரியை வெட்டும் இயந்திரமும் அதைச் சுமந்து செல்லும் கன்வேயர் பெல்ட்டும் இரவு பகல் பார்ப்பதில்லை. அவற்றோடு ஷிப்ட் மாறி மாறி ஓடும் உடம்பு முதலில் இழப்பது உறக்கத்தைத்தான். ஓரிரு நாள் என்றால் பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் அது நீடித்து, வீட்டில் கட்டிக்கொடுத்த சோறு டப்பாவில் அப்படியே திரும்பி வருவதும், பிள்ளைகள் பேசும் சத்தம்கூடப் பொறுக்காமல் போவதும் சேர்ந்துகொண்டால், மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். உறக்கத்துக்காகக் குடிப்பது அந்த உறக்கத்தையே கெடுக்கும்.

எங்கே போவது என்பதைவிட, போய் என்ன சொல்வது என்பதே பலரையும் தடுத்து நிறுத்துகிறது. 'மனசு சரியில்லை' என்று சொல்ல நா எழவில்லையென்றால், "மூணு வாரமா தூக்கமில்லை, சாப்பாடு இறங்கலை, வேலையில கவனம் நிக்கலை" என்று உடம்பில் தெரிவதைச் சொல்லுங்கள். தொடங்க அது போதும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நேரில் பார்க்க விரும்புவோருக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது.

விஷயம் மேஸ்திரி காதுக்குப் போனால் வேலை போய்விடும் என்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் அஞ்சுவதை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆயினும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்கும் கடமையைச் சிகிச்சை அளிப்பவர்மீது சுமத்துகிறது. பிறருக்கு ஆபத்து நேராமல் தடுப்பது போன்ற சில சூழல்களே அதற்கு விலக்கு. தெரிந்தவர் கண்ணில் படத் தயக்கமாக இருந்தால் வெளியூர் மருத்துவமனைக்கே போங்கள், அதில் தவறில்லை.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாதது உங்கள் வேலை. எந்த ஷிப்ட், எந்த இயந்திரம், டம்பர் ஓட்டுகிறீர்களா என்பதையெல்லாம் தெளிவாகச் சொல்லுங்கள். சில மாத்திரைகள் தூக்கக் கலக்கம் தரும் என்பதால், எதை எப்போது விழுங்குவது என்பதை அவர் அதற்கேற்ப முடிவு செய்வார். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகலாம். முதல் வாரத்திலேயே பயனில்லை என்றோ, தேறிய பிறகு இனி வேண்டாம் என்றோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

உடன் வேலை செய்பவர் பேச்சைக் குறைத்து ஒதுங்கி உட்காருவதைக் கண்டால், பலர் நடுவே விசாரிக்காமல் ஷிப்ட் முடிந்து நடந்துவரும்போது தனியே கேளுங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால், அப்படி எண்ணுகிறீர்களா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் 108ஐ அழையுங்கள், வீட்டாருக்குச் சொல்லுங்கள், மருத்துவமனைக்கு உடன் சென்று மருத்துவர் பார்க்கும்வரை அருகிலேயே இருங்கள்.