நெய்வேலிச் சுரங்கம் எவ்வளவு விரிந்திருக்கிறது? நீங்களே அளந்து பார்க்கலாம்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுப்பது திறந்தவெளிச் சுரங்கத்தில். அதனால் மேலிருந்து பார்த்தால் குழி, மேல்மண் கொட்டிய மேடு, சாம்பல் குளம் எல்லாமே தெரியும். எந்த வயல் எந்த ஆண்டு குழிக்குள் போனது என்பதை ஊர்க்காரர்களே கணக்கு வைத்துக்கொள்ள முடியும். வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலச உதவும் கூகுள் எர்த் இன்ஜின் தளத்தில் கணக்கு இருக்கிறது, ஜாவாஸ்கிரிப்ட் நாலு வரி எழுத வரும் என்று எடுத்துக்கொள்கிறேன். வணிகம் சாராத வேலைக்கு அது இலவசம்.

1. படம். சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படங்கள் போதும். ஒரு பிக்சல் 10 மீட்டர். ஒரு ஹெக்டேருக்கு 100 பிக்சல். தொகுப்பின் பெயரில் 'ஹார்மனைஸ்டு' என்று இருப்பதையே எடுங்கள். 2022 ஜனவரி 25 முதல் மூலத் தரவின் எண்களில் 1000 கூடியிருக்கிறது. மற்றதை எடுத்தால், தரையில் எதுவும் மாறாமலே படத்தில் மாற்றம் தெரியும். 2019, 2024 என இரண்டு முழு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. மேகம். ஐப்பசி, கார்த்திகைப் படங்களில் பாதி மேகம்தான். ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தெளிவு என்று 0 முதல் 1 வரை மதிப்பிடும் 'கிளவுட் ஸ்கோர் பிளஸ்' வைத்து 0.6-க்குக் கீழுள்ள பிக்சல்களை நீக்கிவிடுங்கள்.

3. தரிசும் சுரங்கமும். வேலையின் உயிர்நாடி இதுதான். தை, மாசியில் அறுவடை முடிந்த வயலும் சுரங்க மேட்டு மண்ணும் ஒரு நாள் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். கணினி இரண்டையும் சுரங்கம் என்றே சொல்லும். அந்த வரைபடத்தைக் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு எடுத்துப் போனால், ஒரே ஒரு வயலைக் காட்டி மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள்.

ஒரு நாளைப் பார்க்காமல் ஆண்டு முழுவதையும் பாருங்கள். பயிர் வைக்கும் வயல் வருடத்தில் ஒருமுறையாவது பச்சையாகும், குழி ஆகாது. எல்லாப் படங்களுக்கும் பசுமைக் குறியீடு கணக்கிடுங்கள்: பி8 (அண்மை அகச்சிவப்பு) பட்டையிலிருந்து பி4 (சிவப்பு) பட்டையைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பிக்சலுக்கும் 90-ஆம் பெர்சென்டைல் மதிப்பை, அதாவது ஆண்டின் மதிப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறு எதற்குக் கீழே இருக்கின்றனவோ அதை, தனி அடுக்காகச் சேருங்கள். உச்ச மதிப்பு வேண்டாம். கெட்டுப்போன ஒரு படம் போதும், அது ஏறிவிடும். இந்த அடுக்கோடு பி11, பி12 (குற்றலை அகச்சிவப்பு) பட்டைகளின் இடைநிலை மதிப்பையும் சேர்த்தால், வயல் வயலாகவே நிற்கும்.

4. பயிற்சி. குழி, மேல்மண் மேடு, நீர், வயல், முந்திரித் தோப்பு, கட்டடம் என ஆறு வகை. எது எந்த வகை என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்க, வகைக்கு நூறு புள்ளியாவது வையுங்கள். தரிசு வயலில் தாராளமாக வையுங்கள். சோதனைப் புள்ளிகளை வேறு ஊர்ப் பக்கத்திலிருந்து எடுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பிக்சலில் சோதித்தால் மதிப்பெண் பொய்யாக ஏறும். பல முடிவு மரங்களின் வாக்கை வைத்து வகை பிரிக்கும் 'ரேண்டம் ஃபாரஸ்ட்' முறையில் 100 மரங்கள் போதும். தொடக்கத்திலேயே ஆழ்கற்றலுக்கு (டீப் லேர்னிங்) போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு வேண்டிய பயிற்சிப் படங்களைத் தயாரிப்பதிலேயே ஆர்வம் வடிந்துவிடும்.

5. ஒப்பீடு. 2019-இல் வயல், 2024-இல் குழி அல்லது மேடு என்றிருக்கும் பிக்சல்களை மட்டும் பிரித்து, 50 பிக்சலுக்குக் குறைந்த துண்டுகளை நீக்கி, பரப்பைக் கணக்கிடுங்கள். அச்சுக்குப் போகும் வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள்தான் என் தேர்வு.

பின்சேர்க்கை: வாசகர்கள் இரண்டு சிக்கல் சொன்னார்கள். வீட்டுமனை போட்ட நிலமும் பச்சையாகாததால் சுரங்கம் என்று வருகிறது; அதற்குத் தனி வகை கொடுங்கள். இன்னொன்று, மரம் நட்ட பழைய மேடுகள் தோப்பாக மாறி, சுரங்கம் சுருங்கியதுபோல் தெரிகிறது. 2019-இல் மேடாக இருந்து 2024-இல் தோப்பானதை 'மேட்டில் வளர்த்த மரங்கள்' என்று வேறு நிறத்தில் காட்டுங்கள். வயல் திரும்பக் கிடைத்த கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.