புல்மோட்டை மணல் நனோ இல்லை: நனோபொருள்களை வகைப்படுத்தும்போது விடும் பிழைகள்

நனோபொருளுக்கு உள்ளூர் உதாரணம் கேட்டால், திருகோணமலைப் பிள்ளைக்குப் புல்மோட்டைக் கருமணலைச் சொல்லத்தான் தோன்றும். தொடர்பு இருக்கிறது. அந்த மணலிலுள்ள இல்மனைட், ரூட்டைல் ஆகிய கனிமங்கள் இரண்டிலும் டைட்டேனியம் உண்டு. அவற்றிலிருந்து எடுக்கும் டைட்டேனியம் டைஒக்சைட்டை நனோ அளவிலும் செய்யலாம். ஆனால் மணல் நனோ இல்லை. ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு; 0.1 மில்லிமீற்றர் மணி என்றாலே 100,000 நனோமீற்றர். நனோ என்று சொல்ல, நீளம், அகலம், தடிப்பு என்பவற்றில் ஒரு பரிமாணமாவது ஏறத்தாழ 1 முதல் 100 நனோமீற்றருக்குள் இருக்க வேண்டும்.

அந்த 'ஒரு பரிமாணமாவது' என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஓர் அணுத் தடிப்புள்ள காபன் தாளான கிராபீன் இரு பரிமாணப் பொருள் என்றதும், அதன் இரண்டு பரிமாணங்கள் நனோ என்று எழுதிவிடுகிறார்கள். நேர்மாறு. நனோ எல்லைக்கு வெளியே இருப்பவற்றைத்தான் எண்ணுகிறோம். கிராபீனில் தடிப்பு மட்டும் நனோ. நீளமும் அகலமும் எவ்வளவும் போகலாம். அந்தத் தாளைச் சுருட்டியது போன்ற காபன் நனோகுழாய்க்கு நீளம் மட்டும் வெளியே, ஆகவே ஒன்று. எல்லாப் பக்கமும் நனோவான குறைகடத்தித் துணிக்கையாகிய குவாண்டம் புள்ளிக்குப் பூச்சியம்.

'காபன் வகை, உலோக வகை, ஒரு பரிமாண வகை' என்று ஒரே பட்டியலில் போடுவதும் சரியில்லை. எதனால் ஆனது என்பது ஒரு கேள்வி, என்ன வடிவம் என்பது வேறு கேள்வி. நனோகுழாய் முதலாவதிலும் வரும், மூன்றாவதிலும் வரும்.

அப்புறம் இயல்புகள். நனோவானதும் எந்த இயல்பு ஏன் மாறுகிறது என்று கேட்டாலும் 'மேற்பரப்பு அதிகம்' என்று ஒரே பதில்! பாதி சரிதான். 1 சென்ரிமீற்றர் கனக்குற்றியின் மேற்பரப்பு 6 சதுர சென்ரிமீற்றர். அதையே 1 நனோமீற்றர் குற்றிகளாக வெட்டினால் மொத்தம் 6,000 சதுர மீற்றர். 1064 பாகை செல்சியஸில் உருகும் தங்கம், சில நனோமீற்றர் துணிக்கையானால் அதற்கு வெகு கீழேயே உருகுவதற்கு இது காரணம். ஆனால் நீரில் கலந்த 20 நனோமீற்றர் தங்கம் சிவப்பாகத் தெரிவது, ஒளி பட்டு அதன் இலத்திரன்கள் கூட்டாக அதிர்வதால். துணிக்கைகள் ஒட்டிக்கொண்டால் நிறம் ஊதா, நீலம் பக்கம் போய்விடும்.

டைட்டேனியம் டைஒக்சைட்டும் அப்படித்தான். பெயின்றில் போடுவது 200–300 நனோமீற்றர்; ஒளியை நன்றாகச் சிதறடிப்பதால் பால்வெள்ளை. நிலாவெளியில் குளிக்க வரும் வெள்ளைக்காரர் மூக்கில் பூசும் கிறீமில் நனோ அளவுத் தூள் இருந்தால் வெள்ளை பெரிதாகத் தெரியாது, புற ஊதாக் கதிரையோ மறிக்கும்.

'நனோ என்றாலே நஞ்சு' என்றும் எழுதிவிடக் கூடாது. எது, எவ்வளவு, எந்த வழியாக உடலுக்குள் போகிறது என்று பார்க்க வேண்டும். தோலில் பூசும் கிறீமும் மூச்சோடு போகும் தூளும் ஒன்றல்ல.