'எருடைட்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கையாளும் முறை

ஈ, ஆர், யூ, டி, ஐ, டி, ஈ என்ற ஏழு எழுத்துகளால் ஆன 'எருடைட்' என்னும் பெயரடை, நூல்களை ஆழமாகவும் பரந்தும் கற்றவரைக் குறிப்பது. 'அறிவுள்ள' என்று மட்டும் இதற்குப் பொருள் கொண்டால் பாதிதான் பிடிபடும். 'புலமை மிக்க', 'கல்வியில் தோய்ந்த' என்பவையே நெருங்கிய தமிழ். பிறவியில் அமைந்த புத்திக்கூர்மைக்கு 'இன்டெலிஜென்ட்' என்ற சொல்லும், பட்டறிந்து பெற்ற விவேகத்திற்கு 'வைஸ்' என்ற சொல்லும் இருக்க, இந்தச் சொல் ஏட்டுக் கல்வியை விட்டுப் பிரியாமல் நிற்கிறது.

இதன் வேரை அறிந்துகொண்டால் பொருள் மறக்காது. இலத்தீனில் 'ரூடிஸ்' என்றால் கரடுமுரடானது, பண்படாதது. அந்தக் கரட்டுத்தன்மையை நீக்கிப் பயிற்றுவிப்பதே 'எருடிரே' என்ற வினை. முரட்டுத்தனமாக நடப்பவரைச் சுட்டும் 'ரூட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். கசடறக் கற்றல் என்று நாம் சொல்வதிலும் வேண்டாததை அகற்றுவதே கல்வி என்ற எண்ணம் இருப்பதால், தமிழருக்கு இந்தச் சொல் அவ்வளவு அந்நியமானதன்று.

ஒலிக்கும்போது அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும். ஈற்றசை 'டிட்' அன்று, 'டைட்'. இதன் பெயர்ச்சொல்லான 'எருடிஷன்' என்பதில் அழுத்தம் 'டி'க்கு நகர்ந்துவிடும். உயிரொலியில் தொடங்குவதால் முன்னால் 'அ' வராது, 'ஆன்' வரும்: 'ஆன் எருடைட் ஹிஸ்டாரியன்'. ஒப்பிடுவதற்கு 'மோர் எருடைட்' என்றே எழுத வேண்டும்.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடும் மெக்கானிக்கை 'எருடைட்' என்பது பிழை. அவருக்கு உரியது 'நாலெட்ஜபிள்'. ஏறத்தாழ 40,000 சொற்களுக்குப் பொருள் எழுதி, ஆங்கில இலக்கியத்திலிருந்து மேற்கோள்களைத் திரட்டிச் சேர்த்து 1755இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சனுக்கோ, ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்கோ இது தயக்கமின்றிப் பொருந்தும். ஆளுக்கு மட்டுமல்லாமல், அவர் ஆக்கியதற்கும் இந்த அடைமொழி செல்லும் என்பதால், 'ஷி கேவ் ஆன் எருடைட் லெக்சர்' என்றால் அவர் ஆழ்ந்த புலமை வெளிப்பட உரையாற்றினார் என்று பொருள்.

இனச்சொற்களோடு வரும் முன்னிடைச்சொற்களையும் கவனிக்க வேண்டும். 'நாலெட்ஜபிள்' என்பதற்குப் பின் 'அபவுட்', 'வெல் வெர்ஸ்ட்' என்பதற்குப் பின் 'இன்', 'கன்வெர்சன்ட்' என்பதற்குப் பின் 'வித்' வரும். 'எருடைட்' பெரும்பாலும் இவ்வாறு எதையும் துணைக்கு அழைப்பதில்லை. துறையைச் சொல்ல வேண்டுமானால், மேலே கண்ட வரலாற்றாசிரியரைப் போல, அத்துறையினரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லின் முன்னால் வைத்துவிடலாம். இதற்கு மிக நெருங்கிய உறவான 'லேர்னட்' என்பதைப் பெயரடையாகச் சொல்லும்போது இரண்டு அசைகளாக ஒலிக்க வேண்டும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரை 'மை லேர்னட் ஃப்ரெண்ட்' என்று அழைப்பது மரபு; அந்த இடத்தில் 'எருடைட் ஃப்ரெண்ட்' என்றால் நகைப்பே எழும்.

நூல் மதிப்புரைகளில் இந்தச் சொல் வந்தால் அடுத்த வரியையும் படித்துவிடுவது நல்லது. 'எருடைட் பட் ட்ரை' என்று தொடர்ந்தால், புலமை இருக்கிறது, சுவை இல்லை என்று மதிப்புரையாளர் நாசூக்காகச் சொல்லியிருக்கிறார். இது பிறர் நமக்குச் சூட்ட வேண்டிய அடைமொழியும்கூட. வேலைக்கான விண்ணப்பத்தில் 'ஐ ஆம் எருடைட்' என்று எழுதினால் தற்பெருமையாகத்தான் படும், 'வெல் வெர்ஸ்ட்' என்று எழுதினால் உறுத்தாது.