மான்ஸ்டர் ட்ரெய்ன்: மூன்று மாடிக்கும் பங்கு வைக்காதீர்கள்

விடுமுறைக்கு வந்த அண்ணன் மகன் ஒரு வாரமாக என் கணினியில் மான்ஸ்டர் ட்ரெய்ன் ஆடிக்கொண்டிருந்தான். மூன்றாவது முறையாக ஃபெல் என்ற பாஸிடம், அதாவது பெரிய எதிரியிடம், தோற்றதும், "சித்தப்பா, இது நியாயமே இல்ல. பாஸ் இறங்குற வரைக்கும் ட்ரெய்ன்ல ஒரு கீறல் இல்ல. இறங்கினதும் எல்லாம் போச்சு" என்றான். திரையைப் பார்த்தேன். ரயிலின் மூன்று மாடியிலும் மாடிக்கொரு மான்ஸ்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அப்கிரேட். 2020 மே மாதம் இந்த ஆட்டம் வெளிவந்தபோது, ஊரடங்கு நாட்களில் நான் ஆடிய அதே ஆட்டம். அதன் பிறகு நான் கற்றுக்கொடுத்த நாலைந்து பேரும் இதே இடத்தில்தான் விழுந்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக: நரகம் உறைந்துபோய்விட்டது. கடைசியாக மிஞ்சிய நெருப்பை, அதாவது பையரை, ஒரு ரயிலில் ஏற்றி நரகத்தின் மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வழியெங்கும் சொர்க்கத்தின் படை தாக்கும். ரயிலில் மூன்று மாடிகள், அதற்கு மேலே பையர். எதிரிகள் அடிமாடியில் ஏறி, பிழைத்தால் சுற்றுக்கு ஒரு மாடியாக மேலே வருவார்கள். உங்கள் கையில் ஐந்து கார்டு, கார்டு போடும் விலையாகச் செலவழிக்க மூன்று எம்பர். அவற்றை வைத்து மான்ஸ்டர்களை நிறுத்தி, வளர்த்து, பையரைக் காப்பாற்ற வேண்டும். தோற்றால் முதலிலிருந்து புது டெக், அதாவது புதுக் கார்டுக் கட்டு.

எம்பரை மிச்சம் வைக்காதே, கார்டில் எழுதியிருப்பதைப் படி என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. இரண்டு ரன், அதாவது தொடக்கத்திலிருந்து இரண்டு முறை, ஆடினால் தானாக வந்துவிடும். தானாக வராதவை மட்டும்தான் கீழே.

எளிதாக இருக்கிறது என்று நம்புவது

இந்த ஆட்டத்தின் பெரிய பலம் அதன் தாராளம். ஒரு ரன் சுமார் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் இடையில் நீங்கள் எடுக்கும் முடிவு இடது தண்டவாளமா வலது தண்டவாளமா என்பதுதான். தங்கம் வரும், அப்கிரேட் கடைகள் வரும், நீங்கள் வளர்த்த குட்டிப் பேய் நாலு சண்டைக்குள் மலையாக நிற்கும். மான்ஸ்டர் வளர்க்கும் சந்தோஷம் இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் டெக் ஆட்டம் நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்தத் தாராளமே பலவீனமும்கூட. தொடக்கச் சண்டைகளில் எப்படி ஆடினாலும் ஜெயிக்கலாம் என்பதால், தப்பான பழக்கம் தப்பு என்றே தெரியாமல் ஊறிவிடுகிறது. ஆட்டம் அதைச் சுட்டிக்காட்டுவது பாஸ் இறங்கும்போதுதான். அதற்குள் தங்கமெல்லாம் செலவாகியிருக்கும்.

மூன்று மாடிக்கும் பங்கு வைப்பது

இதுதான் என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்தும் தவறு. மூன்று மாடி இருக்கிறது, மூன்றையும் காக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அது இயல்பு, ஆனால் தவறு. காக்க வேண்டியது பையரை மட்டும்தான். மாடி போனால் போகட்டும்.

சாதாரண எதிரிகள் ஒரு மாடியில் ஒரு சுற்று அடித்துவிட்டு, உயிரோடிருந்தால் அடுத்த மாடிக்குப் போய்விடுவார்கள். அவர்களைப் பொறுத்தவரை பங்கு வைப்பது ஓரளவு சரியாகவே வேலை செய்யும். கீழே பாதி, நடுவில் பாதி என்று தேய்ந்து செத்துவிடுவார்கள். ஆனால் பாஸுக்கு 'ரெலென்ட்லெஸ்' என்றொரு குணம் இருக்கிறது. அது ஒரு மாடியில் இறங்கிவிட்டால், அந்த மாடியில் இரண்டில் ஒரு தரப்பு சாகும்வரை சண்டை நிற்காது. இடையில் நீங்கள் கார்டு போடவே முடியாது. முன்பே என்ன கட்டி வைத்தீர்களோ அதுதான். பிழைத்த பாஸ் அப்புறம் அடுத்த மாடிக்குப் போய் அதையே செய்யும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்களிடம் 20 தாக்கு சக்தி கொண்ட இரண்டு மான்ஸ்டர்கள். ஒன்றுக்கு மல்டிஸ்ட்ரைக் கொடுக்கிறீர்கள், அது இரண்டு தடவை அடித்து சுற்றுக்கு 40. இன்னொன்றுக்கு 10 ரேஜ். ஒரு ரேஜுக்கு 2 என்று 20 கூடி அதுவும் 40. ஆளுக்கொரு மாடி. முன்னால் நின்று அடி வாங்கும் மான்ஸ்டர்களுக்கான கவசத்தையும் இதேபோலப் பிரித்துக் கொடுத்ததால், ஒவ்வொரு மாடியும் 3 சுற்றுதான் தாங்குகிறது. கீழே 120, மேலே 120, மொத்தம் 240. பாஸுக்கு 400 உயிர் என்றால் மீதி 160 உயிரோடு பையர் அறைக்குள் நுழையும்.

இப்போது அதே பொருட்களை ஒரே மாடியில் வையுங்கள். ரேஜையும் மல்டிஸ்ட்ரைக்கையும் ஒரே மான்ஸ்டருக்குக் கொடுத்தால் 40 இரண்டு தடவை விழும், சுற்றுக்கு 80. கவசம் முழுவதும் அதன் முன்னால் நிற்பதற்கு. அது 6 சுற்று தாங்கினால் 480. பாஸ் அந்த மாடியைத் தாண்டவே தாண்டாது. இரண்டாவது மான்ஸ்டரின் அடியை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒரு பைசா அதிகம் செலவழிக்காமல் அடி இரட்டிப்பாகிறது. அடியும் பெருகுகிறது, நிற்கும் நேரமும் பெருகுகிறது, இரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. பங்கு வைத்தால் இரண்டுமே வகுபடுகின்றன.

என் கதை. அம்ப்ரா என்ற மான்ஸ்டர் குலத்தை எடுத்து ஆடிக்கொண்டிருந்தேன். அந்தக் குலத்தின் சிறப்பு மோர்சல் என்ற குட்டித் தீனிகள். அதே மாடியில் நிற்கும் பெரிய மான்ஸ்டர் அவற்றைத் தின்று வளரும். உண்மையிலேயே ஒரு பிராணியை ஊட்டி வளர்ப்பது போலவே இருக்கும். நான் கீழே இரண்டு, நடுவில் இரண்டு, மேலே ஒன்று என்று தீனியைச் சமமாகப் போட்டேன். எதுவும் பட்டினி கிடக்கவில்லை, எதுவும் வளரவும் இல்லை. வழியில் ஹெல்வென்ட் வந்தது. ஒரு கார்டை அப்கிரேடோடு அப்படியே இரட்டிக்கும் இடம் அது. இரட்டித்த மான்ஸ்டரையும் கொண்டுபோய் வேறு மாடியில் நிறுத்தினேன். கடைசி பாஸான செராஃப் மூன்று மாடியையும் துடைத்துவிட்டு மேலே வந்தபோது, அதன் உயிரில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது. இரண்டும் ஒரே மாடியில் நின்றிருந்தால் அந்த ரன் என்னுடையது. ஒரு மணி நேர உழைப்பு. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

"அந்த ஒரு மாடி விழுந்துவிட்டால்?" என்று அண்ணன் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. பலமான மாடியே விழும் அடியில், பாதி பலம் கொண்ட மாடி இரண்டு இருந்தால் மட்டும் நிற்குமா? ஆரம்பக்காரர்களுக்கு நான் சொல்வது நடுமாடி. கீழே ஒரு சின்ன மான்ஸ்டரை நிறுத்திக் கொஞ்சம் தேய்த்து அனுப்பலாம். நடுவில் தப்பிய உதிரிகளுக்காக மேலே ஒன்றிரண்டு போதும். ஒரு மாடியில் 5 அளவுக்குத்தான் இடம், பெரிய மான்ஸ்டர் அதிக இடம் பிடிக்கும். அந்த 5 நிறைந்த பிறகுதான் அடுத்த மாடியை நினைக்க வேண்டும்.

மந்திர டெக் ஆடும் ஸ்டிஜியன் கார்ட் (Guard) என்ற குலத்துக்கும் இது பொருந்தும். அவர்களின் இன்கான்ட் திறன், அந்த மான்ஸ்டர் நிற்கும் மாடியில் மந்திரம் போட்டால்தான் தூண்டப்படும். மாடிகள் சிதறினால் மந்திரமும் சிதறும்.

அப்கிரேடைக் கடை வந்ததும் செலவழிப்பது

ஒரு கார்டில் அப்கிரேடுக்கு இரண்டே இடங்கள்தான். சாதாரண மான்ஸ்டருக்கு அவசரப்பட்டு இரண்டையும் போட்டுவிட்டு, அடுத்த கட்டத்தில் அருமையான மான்ஸ்டர் கிடைத்ததும் கையில் தங்கம் இல்லாமல் நிற்பதைப் பல தடவை பார்த்துவிட்டேன். எந்த மான்ஸ்டரை நம்பி இந்த ரன் ஓடப்போகிறது என்று தெரியும்வரை தங்கத்தைப் பிடித்து வையுங்கள். அது உங்கள் குலத்தின் முதன்மை மான்ஸ்டரான சாம்பியனாகவே இருக்கலாம். சாம்பியன் கார்டு ஒவ்வொரு சண்டையிலும் முதல் கையிலேயே வந்துவிடும், அதை நம்பித் திட்டம் போடலாம்.

கொடுக்கிறார்கள் என்று கார்டு எடுப்பது

சண்டை முடிந்ததும் நீட்டும் கார்டை வேண்டாம் என்று தாண்டிப் போகலாம். போங்கள்.

அடிப்பவரை முன்னால் நிறுத்துவது

குயிக் திறன் இல்லாவிட்டால் எதிரிதான் முதலில் அடிப்பான். முன்னால் நிற்பது அடி வாங்கும். கனமானதை முன்னால், கூர்மையானதைப் பின்னால்.

பையரின் காயத்தை மறப்பது

சண்டை முடிந்தாலும் பையரின் காயம் தானாக ஆறாது. இடதா வலதா என்று தேர்ந்தெடுக்கும்போது அதையும் பாருங்கள்.

முதல் வெற்றியோடு கற்றது போதும் என்று நிறுத்துவது

ஜெயித்த பிறகு கவனன்ட் என்ற 25 படிகள் திறக்கும். உண்மையான ஆட்டம் அங்கேதான் இருக்கிறது. குறையும் அங்கேதான் தெரியவரும்: வழியில் வரும் நிகழ்வுகள் திரும்பத் திரும்ப வரும், கதை மெலிசு, நல்ல மான்ஸ்டர் கிடைக்காத ரன் தேறாது. ஆனாலும் பத்தாம் படிக்கு மேல் ஒவ்வொரு தோல்வியிலும் நான் எங்கே பிரித்துக் கொடுத்தேன் என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. அப்படித் தெரிவது எனக்குப் பிடித்திருக்கிறது.

நேராக இரண்டாவது ஆட்டத்துக்குப் போவது

2025 மே மாதம் மான்ஸ்டர் ட்ரெய்ன் 2 வந்துவிட்டது. புதுக் குலங்கள், மான்ஸ்டருக்கு மாட்டும் ஆயுதங்கள், மாடிக்கே போடும் ரூம் கார்டுகள் என்று எல்லாமே கூடுதல். நல்ல ஆட்டம்தான். ஆனால் மாடி மூன்று என்பது மாறவில்லை, பிரித்துக் கொடுக்கப் பொருள்தான் கூடியிருக்கிறது. அண்ணன் மகன் அதை வாங்கித் தரச் சொல்கிறான். பழைய ஆட்டத்தில் நடுமாடியில் ஒருமுறை செராஃபை வீழ்த்திவிட்டு வா, வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நேற்று இரவு ஃபெல்லைத் தாண்டிவிட்டான்.