முறுக்கு அச்சு இறுகிவிட்டதா? எண்ணெய் விடுவதில் செய்யும் தவறுகள்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு பரணிலிருந்து இறக்கிய எவர்சில்வர் முறுக்கு அச்சு. திருகுக் கைப்பிடி அசையவே இல்லை. கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்ப்ரே கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அக்கா அதை மரையில் இரண்டு தடவை அடித்ததும் கைப்பிடி சுலபமாகச் சுற்றியது. மாவைப் போட்டுப் பிழியும்போதுதான் பார்த்தோம்: பழுப்பாக ஒரு சொட்டு தண்டு வழியே வழிந்து, அழுத்தும் தட்டின் ஓரமாக மாவில் இறங்கியது. பிசைந்த மாவு முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று.

கீல், பூட்டு, சைக்கிள் செயினுக்கானது சமையல் சாமானுக்கு ஆகாது. இந்த ரகத்தில் பேர்போன டபிள்யூடி-40, 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உருவானது. அதில் பெரும்பங்கு பெட்ரோலியக் கரைப்பான். தையல் மெஷின் எண்ணெய் தண்ணீர் மாதிரி தெளிவாக இருப்பதால் பலர் நம்பி விடுகிறார்கள். அதுவும் உணவுக்கென்று சுத்திகரித்ததல்ல.

சரி, நல்லெண்ணெயே விடலாமே? தோசைக்கல்லுக்கு விடுங்கள், அரிவாள்மனைக்குத் தடவுங்கள். மரைக்குள்ளும் கீலுக்குள்ளும் விட்டு மாதக்கணக்கில் பரணில் போட்டால் அது காற்றுப் பட்டு மெல்ல இறுகிப் பிசினாகிவிடும். தோசைக்கல்லைப் பழக்கும்போது சூட்டில் எண்ணெய் கெட்டிப்பட்டுப் படலமாகிறதே, கிட்டத்தட்ட அதே வேலைதான். கல்லில் நமக்கு வேண்டியது அது; மரையில் அதுவே பூட்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்தே போகும்.

இதற்கு ஏற்றது மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் என்ற சுத்திகரித்த மினரல் எண்ணெய். லேபிளில் ஐ.பி. (இந்திய மருந்துத் தரம்) என்ற குறி இருக்கட்டும். மணமில்லை, ருசியில்லை, சிக்கு வாடை வராது. ஒரே ஒரு சொட்டு விட்டுத் துணியால் துடைத்துவிடுங்கள். பேபி ஆயிலும் இதே வகைதான் என்றாலும் அதில் வாசனை சேர்த்திருப்பார்கள், வேண்டாம். உணவுத் தொழிற்சாலைகளில், தப்பித்தவறி உணவில் பட்டாலும் பரவாயில்லை என்ற ‘எச்1’ வகையில் பதிவான கிரீஸ் போடுகிறார்கள். அந்த வகை மினரல் எண்ணெய்கூட, அமெரிக்க விதிப்படி, உணவில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கலக்கக் கூடாது.

மிக்ஸி ஜாரின் பிளேடு இறுகினாலோ அடியில் கறுப்பாகக் கசிந்தாலோ எண்ணெய் விடாதீர்கள், அது சட்னிக்குள் ஏறிவிடும். புஷ் தேய்ந்திருக்கும், கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கேஸ் அடுப்புத் திருகியில் மட்டும் எதையும் அடிக்கவே அடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸ்தான் கேஸ் கசியாமல் அடைத்து நிற்கிறது. ஸ்ப்ரே அதைக் கரைத்துவிடும். இதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், அந்த அச்சை இரவு முழுக்க சோப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்தோம். காலையில் பழைய டூத்பிரஷால் மரையைத் தேய்த்தபோது, போன வருஷத்து மாவு கல்லாகக் காய்ந்து துண்டு துண்டாக உதிர்ந்தது. காயவைத்துச் சுற்றிப் பார்த்தோம். எண்ணெய் இல்லாமலே சுற்றியது.